நானூற்றில் ஒருவன்

ஒரு பெரியவர் ஷூ நுனியால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, வெளியே தெரிந்த வேர் ஒன்றை மூடினார். நடந்தது அவ்வளவுதான். அதற்குச் சற்று முன்னால் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்; என்னைப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது. சண்டையில்லை, கூச்சலில்லை, யாரும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. இருந்தும், ஊர் திரும்பி நாளாகிவிட்ட பிறகும், அந்த ஷூ நுனி மனதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

இடம் மார்செய். பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் பழைய துறைமுக நகரம். வேலை விஷயமாக ஒரு கோடையில் அங்கே தங்க நேர்ந்தது. ஊரின் தெற்கு விளிம்பில் லுமினி என்று ஒரு பல்கலைக்கழக வளாகம். டவுன் பஸ் அங்கே போய் நின்றுவிடும். இறங்கி வளாகத்தைத் தாண்டினால் பைன் மரம், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, காட்டுப் பாதை. முக்கால் மணி, ஒரு மணி நேரம் நடந்தால் கீழே கடல். செங்குத்தான பாறைகளுக்கு நடுவே கடல் குறுகலாக உள்ளே புகுந்து நிற்கும் இடங்களைக் கலாங்க் என்கிறார்கள். மார்செய்க்கும் கஸ்ஸி என்கிற சிற்றூருக்கும் இடையில் அவை வரிசையாக இருக்கின்றன: சோர்மியூ, மோர்ஜியூ, சுஜித்தோன், ஆன்-வோ, போர்-பேன், போர்-மியூ. மலையும் எதிரேயுள்ள கடலுமாகச் சேர்த்து 2012இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரத்தை ஒட்டியே ஒரு தேசியப் பூங்கா. காட்டுக்குப் போவதென்றால் மெனக்கெட வேண்டும் என்பதுதான் பொதுவாகக் காட்டுக்கு இருக்கும் காவல். இங்கே அந்தக் காவல் கிடையாது. பஸ் டிக்கெட் போதும்.

அதனால்தான் 2022 கோடையிலிருந்து சுஜித்தோனுக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். நாளொன்றுக்கு 400 பேர். அதற்கு முன், நெரிசலான நாட்களில் 2,500 பேர் வரை அந்தக் குட்டிக் கரையில் இறங்கியிருக்கிறார்கள். இப்போது ஜூலை, ஆகஸ்ட் முழுக்கவும், ஜூன், செப்டம்பர் வாரக்கடைசிகளிலும் முன்பதிவு இல்லாமல் போக முடியாது. பதிவுக்குக் காசு கிடையாது. மூன்று நாள் முன்னால் இணையத்தில் திறக்கும். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். கைபேசியில் வந்திருக்கும் கியூஆர் கோடைக் காட்டினால் விடுவார்கள். பதிவில்லாமல் இறங்கிப் பிடிபட்டால் 68 யூரோ அபராதம்.

நான் பதிவு செய்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் செய்யவில்லை. எழுபதைத் தாண்டியிருக்கும். தோளில் துணிப்பை, அதன் வாயில் துவாலையின் முனை. இணையமெல்லாம் தனக்குப் பழக்கமில்லை, சின்ன வயதிலிருந்து இங்கேதான் நீந்துகிறேன் என்று அவர் சொன்னது என் அரைகுறை பிரெஞ்சுக்கு எட்டியது. காவலுக்கு நின்ற இளம்பெண் நயமாகத்தான் பேசினாள். இன்றைக்கு முடியாது ஐயா, நாளை மறுநாளுக்கு வேண்டுமானால் நானே பதிவு செய்து தருகிறேன் என்றாள். அவர் அதற்குத் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என்னைப் பார்த்து, எந்த ஊர் என்றார். இந்தியா என்றேன். "ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. போய் நல்லாப் பாருங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிறகு வந்த வழியே திரும்பினார். பாதையோரத்துப் பைன் மரத்தடியில் ஒரு கணம் நின்றார். ஷூ நுனியால் மண்ணைத் தள்ளினார். வேர் பாதி மறைந்தது. போய்விட்டார்.

அந்த வேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலாங்க் சரிவுகளில் நிற்பவை பெரும்பாலும் அலெப்போ பைன் மரங்கள். சுண்ணாம்புப் பாறை மழைத் தண்ணீரை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும்; மேலே ஓடையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. உள்ளே போன தண்ணீர் பூமிக்கடியில் ஓடி, போர்-மியூவில் கடல்மட்டத்துக்குக் கீழே உப்புக் கலந்து வெளியே வருகிறது. மேல்மண் என்பது பாறை மேல் ஒரு தூவல்தான். வேர் ஆழம் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடி, விரிசலைத் தேடும். நடக்கிறவர்கள் அந்தக் கொஞ்ச மண்ணைக் காலால் இளக்கிவிடுகிறார்கள். இளகியதை மிஸ்த்ரால் என்கிற வடக்குக் காற்றும் இலையுதிர்கால மழையும் அள்ளிக்கொண்டு போகின்றன. வேர் வெளியே வருகிறது. இறக்கத்தில் கால் வைக்க வசதியாக இருப்பதால் எல்லோரும் அதன் மேலேயே மிதிக்கிறார்கள். பெரியவர் மூடிய வேர், மிதிபட்டு மிதிபட்டு, பழைய கோயில் வாசற்படி போல வழுவழுத்திருந்தது. பட்டையே இல்லை.

மரம் என்னவோ பச்சையாகத்தான் நின்றது. இந்த மரத்தைப் பற்றிக் கவலையில்லை, அடுத்த மரத்தைப் பற்றித்தான் கவலை என்று பூங்காவினர் சொல்கிறார்கள். விதை விழுகிறது, சில முளைக்கவும் செய்கின்றன, முளைத்ததை யாரோ மிதித்துவிடுகிறார்கள். இன்று நிற்கும் மரங்கள் வயதாகி விழுந்தால் அந்த இடத்துக்கு வாரிசு இல்லை. 400 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. இதில் மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் அந்த மண்? ஒரு கைப்பிடி கூட இராது. சாயங்காலக் காற்றுக்கே நிற்காது. வாழ்நாளெல்லாம் அந்தப் பாதையில் நடந்த மனிதருக்கு அது தெரியாதா? தெரிந்தும் எதற்குத் தள்ளினார்?

முதலில் பாசம் என்று நினைத்தேன். தூங்குகிற குழந்தையின் போர்வையை இழுத்துவிடும் கைக்குக் காரணம் கேட்பதில்லை அல்லவா, அந்த வகை என்று முடிவு கட்டினேன். ஒன்றிரண்டு நாள் அந்த முடிவு சௌகரியமாக இருந்தது. அதற்குள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஊர் தென்காசி. குற்றாலம் கூப்பிடு தூரம். ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் வெளியூர் வண்டிகளில் ஊர் திணறும். மெயினருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை, குறைந்தால் வரிசை, ஐந்தருவியில் போலீஸ் விசில். வெளியூர்க்காரர்களுக்கு அதெல்லாம் சீசன். எங்கள் தாத்தா சீசனில் அருவிப் பக்கமே போக மாட்டார். "சீசன்ல நம்ம ஊரு நமக்கு இல்லடே. அருவி எங்கயும் போயிராது. இவனுவ போவட்டும்" என்பார். ஆவணி கடைசியில் கூட்டம் வடிந்த பிறகு, விடியுமுன் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். தண்ணீர் அப்போது மெலிந்திருக்கும். மெயினருவிப் பாறையில் சிவலிங்கங்கள் செதுக்கியிருக்கும். தண்ணீர் குறைவான நாளில் நன்றாகத் தெரியும். தாத்தா தலையை நீட்டுமுன் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த ஒற்றலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அருவி தாத்தாவுடையது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் குளித்துவிட்டுப் போகிறவர்கள். தாத்தா அருவிக்குச் சொந்தக்காரர்.

ஆனால் தாத்தா தூக்குவாளியில் என்ன கொண்டுபோவார்? நல்லெண்ணெய். இன்னொரு பொட்டலத்தில் சீயக்காய். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய அருவியில் நின்றால்தான் அவருக்குக் குளியல். அந்த எண்ணெய் அத்தனையும் சிற்றாற்றில்தான் போனது. பிற்காலத்தில் நீதிமன்றம் தலையிட்டு, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை வந்தது. தாத்தா அதைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால், கோபப்பட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் புரியாமல் விழித்திருப்பார். அருவிக்கு எண்ணெய் ஆகாது என்று அவரிடம் யார் சொல்வது? அவர் அருவியைக் கும்பிட்டவர். கும்பிட்ட கையில்தான் எண்ணெயும் இருந்தது.

அதனால் பாசம் என்ற பதில் எனக்குப் போதவில்லை. பாசத்துக்கு எடை குறைவா என்ன? பாசமுள்ளவரின் ஷூவும் மற்றவர் ஷூ அளவுக்குத்தான் மண்ணைக் கிளறும். ஏன், கூடவே கிளறும்; அவர் அதிகம் நடந்தவர். அந்த வேரைத் தேய்த்தவர்களில் யார் பங்கு அதிகம் என்று கணக்கெடுத்தால், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வந்து போகிற என் பங்கு தூசு. அவர் பங்கு பெரிது. அது அவருக்கே உறைத்து, அந்த உறைப்பில்தான் மண்ணைத் தள்ளினாரோ? இதுவும் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு, தெரியாத ஒரு மனிதர் மேல் குற்ற உணர்ச்சியைச் சுமத்த நான் யார் என்று தோன்றியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மார்செய்க்கு வடக்கே கார்தான் என்ற ஊரில் ஓர் அலுமினா ஆலை. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்த பிறகு மிஞ்சும் சிவப்புச் சேற்றை 1967இலிருந்து குழாய் வழியாகக் கொண்டுபோய், கஸ்ஸிக்கு எதிரே ஆழ்கடல் பள்ளத்தில் கொட்டினார்கள். 2012இல் அந்தக் கடல் தேசியப் பூங்காவான பிறகும் சேறு போய்க்கொண்டிருந்தது. 2015 கடைசியில்தான் அது நின்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டிலும் பெரியவர் அதே கடலில் நீந்தியிருக்கிறார். அந்தக் குழாயிடம் யாரும் முன்பதிவு கேட்டதில்லை. சோர்மியூவிலும் மோர்ஜியூவிலும் இன்னொரு வேடிக்கை. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் மீனவக் குடில்கள் உண்டு. கோடையில் அந்தச் சாலைகளைப் பொதுமக்கள் வண்டிக்கு மூடிவிடுவார்கள். குடில் வைத்திருப்பவரும், கரையிலிருக்கும் உணவகத்தில் மேஜை பிடித்தவரும் காரிலேயே இறங்கலாம். மற்றவர்கள் வெயிலில் நடக்க வேண்டும். ஆக, காலுக்கு ஒரு கணக்கு, காருக்கு ஒரு கணக்கு, குழாய்க்கு ஒரு கணக்கு. பெரியவர் மண்ணைத் தள்ளியது இதையெல்லாம் நினைத்துத்தானோ? "சரி, நான்தான் தேய்த்தேன். மூடிவிட்டேன், போதுமா?" என்று கேட்டதுபோலவும் அந்தக் காலசைவைப் படிக்கலாம். பார்த்த நேரத்தில் அது கோபமாகத் தெரியவில்லை. ஆனால் வயதானவர்களின் கோபம் பல சமயம் கோபமாகத் தெரிவதில்லை.

அந்தக் கால் எனக்கு ஒரு புத்தகத்தையும் நினைவூட்டியது. சுஜித்தோனுக்கு மேற்கே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ரியூ என்றொரு தீவு. 1998இல் அதன் அருகே மீன் பிடித்த ஒருவரின் வலையில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி ஏறியது. அதில் எழுத்தாளர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் பெயர் இருந்தது. 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து தனியாக உளவு விமானம் ஓட்டிப் போனவர் திரும்பவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக எங்கே விழுந்தார் என்றே தெரியாமல் இருந்தது. சங்கிலி கிடைத்த பிறகு தேடி, கடலடியில் கிடந்த விமானத்தின் பாகங்களை எடுத்து, 2004இல் அது அவருடையதுதான் என்று உறுதி செய்தார்கள். அவர் எழுதிய 'குட்டி இளவரசன்' தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் மொழிபெயர்த்து க்ரியா வெளியீடாக வந்தது. கல்லூரி நாட்களில் யாரோ கொடுத்து, திருப்பித் தராமல் வைத்திருந்து, பிறகு என்னிடமிருந்து யாரோ வாங்கித் திருப்பித் தராமல் போன புத்தகம்.

ரோஜாவும் நரியும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். எனக்கு மறக்காமல் நிற்பது பாவோபாப். இளவரசனின் கோள் மிகச் சின்னது. அதன் மண்ணில் பாவோபாப் விதைகள் கிடக்கின்றன. முளையிலேயே பிடுங்காவிட்டால் மரம் பெருத்து, வேர் கோளையே பிளந்துவிடும். ஆகவே இளவரசன் தினமும் காலையில் எழுந்து, முகம் கழுவிய கையோடு கோளையும் சுத்தம் செய்கிறான். ஒரு இடத்தின் மேல் அன்பு என்றால் அதன் அன்றாட வேலை என்று படித்த வயதில் எனக்குப் பதிந்தது இங்கேதான். பெரியவரின் ஷூ நுனியை இளவரசனோடு சேர்த்துப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது! அவன் வேருக்கு எதிராக, இவர் வேருக்காக. இரண்டும் ஒரே வேலைதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், குட்டி இளவரசனின் கோளில் வசிப்பது ஒரே ஒருவன். அங்கே 401ஆவது ஆள் கிடையாது. ஒற்றை ஆளாக இருந்தால், நரி இளவரசனுக்குச் சொல்லித்தரும் பொறுப்பு எவ்வளவு அழகான சொல்! எனக்கும் என் ரோஜாவுக்கும் இடையில் நான் பொறுப்பாக இருந்துகொள்ளலாம். அதே ரோஜாவைப் பார்க்க வெளியே 2,500 பேர் நின்றால் நரி என்ன சொல்லியிருக்கும்? அதற்கு அந்தப் புத்தகத்தில் அத்தியாயம் இல்லை. நான் படித்த நல்ல புத்தகங்கள் எதிலுமே வரிசையில் நிற்பதைப் பற்றி அத்தியாயம் இருந்ததாக ஞாபகமில்லை. ஆனால் நம் காலத்து அன்பெல்லாம் வரிசையில்தான் நிற்கிறது; திருப்பதியிலும் சரி, தாஜ்மகாலிலும் சரி.

பூங்காக்காரர்கள் எடுத்ததும் வரிசையில் நிறுத்திவிடவில்லை. 2021இல் முதலில் வாய்வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லா ஊரும் வா வா என்று விளம்பரம் செய்கிறது. இவர்கள் தங்கள் இணையதளத்தில், நெரிசலில் பிதுங்கும் கரைப் படங்களைப் போட்டு, ஏற்றம் கடினம், நிழல் கிடையாது, நீங்கள் நினைக்கிற தனிமை இங்கே கிடைக்காது என்ற தோரணையில் எழுதினார்கள். தன் வீட்டைப் பற்றித் தானே குறை சொல்லி விருந்தாளியைத் தவிர்க்கிற சாமர்த்தியம். சொல்லிக் கேட்கிற அளவில் கூட்டம் இல்லை. அடுத்த ஆண்டு 400 வந்தது. இது போக, ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து, மறுநாள் மலைக்குள் போகலாமா கூடாதா என்று தினமும் மாலையில் அறிவிக்கிறார்கள். அறிவிப்பு சிவப்பு என்றால் எவருக்கும் அனுமதி இல்லை. பதிவு வைத்திருப்பவரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான். சிவப்பு நாளில் யாருக்கும் மனக்குறை இருப்பதில்லை என்பதை அங்கே கவனித்தேன். எல்லோருக்கும் இல்லை என்றால் இல்லைதான். சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்னும்போதுதான் வேர் கண்ணில் படுகிறது.

என்னை மிகவும் குழப்பியது இதெல்லாம் அல்ல, ஒரு பழைய சேதி. மார்செய்யில் மலை நடைக்காரர்களின் சங்கம் ஒன்று 1897இலேயே தொடங்கியது. கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், தொழிலாளிகள் என்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கலாங்க் பக்கம் நடக்கக் கிளம்பியவர்கள். 1910இல் போர்-மியூவில் கல் குவாரியை விரிவாக்கப் பார்த்தபோது, அதே நடைக்காரர்கள் கும்பலாகத் திரண்டுபோய் எதிர்த்தார்கள். இயற்கைக்காகப் பிரான்சில் நடந்த ஆரம்பகால ஆர்ப்பாட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். நூறு வருஷம் கழித்து இது தேசியப் பூங்கா ஆனதென்றால், அதற்கு முதல் கல் வைத்தது அந்தக் கூட்டம். மலையேற்ற வீரர் கஸ்தோன் ரெபுஃபா 1921இல் மார்செய்யில் பிறந்து, இந்தப் பாறைகளில்தான் ஏறப் பழகினார். 1950இல் அன்னபூர்ணா சிகரத்தைத் தொட்ட பிரெஞ்சுக் குழுவில் அவரும் ஒருவர். பாறையில் கைவைத்துத் தேய்த்தவர்கள்தான் பாறையைப் பற்றி எழுதினார்கள், பேசினார்கள், குவாரிக்காரனுக்குக் குறுக்கே நின்றார்கள்.

அப்படியானால் மலையைக் காப்பாற்றிய கால்களும் மலையைத் தேய்த்த கால்களும் ஒன்றே. 1910இல் நாளுக்கு 400 பேர் என்று கணக்கு வைத்திருந்தால், அன்றைக்குக் குவாரி வாசலில் நிற்க ஆள் கிடைத்திருக்குமா? போய்ப் போய்ப் பழகிய இடத்துக்காகத்தான் மனிதன் வெயிலில் நிற்பான். மூன்று நாள் முன்னால் பதிவு செய்து, ஒரு நாள் நீந்திவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வந்த நான் சுஜித்தோனுக்காக நாளை ஏதாவது செய்வேனா? நிச்சயமாக மாட்டேன். அந்தப் பெரியவர் செய்வார். கொஞ்சம் மண்ணையாவது தள்ளுவார். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர்.

சரி, உள்ளூர்க்காரர்களுக்கு என்று தனியாக ஐம்பது இடம் ஒதுக்கலாமே என்று அங்கே பழக்கமான ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மார்செய்யில் உள்ளூர்க்காரன் யார்?" என்றார். நியாயமான கேள்வி. இத்தாலிக்காரர்கள், ஆர்மீனியர்கள், அல்ஜீரியர்கள், கொமோரோ தீவுக்காரர்கள் என்று வந்து குவிந்தவர்களால் ஆன நகரம் அது. ஊரின் வடக்குப் பகுதி அடுக்குமாடிகளில் போன வருஷம் வந்து இறங்கிய குடும்பத்துப் பையனுக்குச் சுஜித்தோனில் என்ன உரிமை? எழுபது வருஷம் நீந்தியவருக்கு முன்னுரிமை என்றால், அந்தப் பையன் எழுபது வருஷம் நீந்தத் தொடங்குவது எப்போது? தாத்தாவின் பேச்சு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. "நம்ம ஊரு." அந்தச் சொல்லில் வளர்ந்தவன் நான். வெளிநாட்டில் நின்றுகொண்டு அதே சொல்லைக் கேட்டால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அங்கே நான் வெளியூர்க்காரன்.

சுஜித்தோனில் கணக்கு தொடங்கிய அதே 2022 கோடையில் மார்செய் நகரத்துக்குள் இன்னொன்று திறந்தது. கோஸ்கேர் குகையின் நகல். ஆன்றி கோஸ்கேர் என்ற கஸ்ஸி ஊர் முக்குளிப்பாளர், மோர்ஜியூ முனைக்கு அடியில் கடல்மட்டத்துக்குக் கீழே 37 மீட்டரில் ஒரு வாயிலைக் கண்டு, நீண்ட சுரங்கத்தின் வழியே நீந்தி, ஒரு குகைக்குள் எழுந்தார். சுவரெல்லாம் ஓவியம். குதிரைகள், கடல்நாய்கள், இன்று பூமியில் இல்லாத பறவைகள், சுவரில் வைத்து வண்ணம் ஊதிய கைகள். பழையவை 30,000 ஆண்டுகளைத் தாண்டுகின்றன. வரைந்த காலத்தில் கடல் வெகு கீழே இருந்தது. அவர்கள் நடந்தே போயிருக்கிறார்கள். 1991இல் அந்தச் சுரங்கத்தில் மூன்று முக்குளிப்பாளர்கள் இறந்த பிறகு, அரசு வாயிலை அடைத்தது. இப்போது நாம் பார்ப்பது நகல்தான். சின்ன வண்டியில் உட்கார வைத்து இருட்டில் சுற்றிக் காட்டுகிறார்கள். அசலில் கடல்மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. கீழ்ச்சுவர் ஓவியங்கள் கரைகின்றன. அங்கே பார்வையாளர் கால் ஒன்று கூட மிதிக்கவில்லை, ஆனாலும் அழிகிறது.

சுவரில் பதிந்த கையையும் மண்ணைத் தள்ளிய காலையும் முடிச்சுப்போட்டு, கட்டுரையை இங்கே நிறுத்திவிடலாம். அழகாகத்தான் இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கையை வைத்தவர் எதற்கு வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. காலால் மண்ணைத் தள்ளியவர் எதற்குத் தள்ளினார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஷூவில் ஒட்டிய சேற்றைத் தேய்த்திருப்பார். கால் சும்மா இருக்காத மனிதராக இருப்பார். பெரியவர் அடுத்த திருப்பத்தில் இதை மறந்தே போயிருக்கலாம்.

ஆனாலும் இரண்டு விஷயத்தில் எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. 400 என்ற கணக்கு சரி. ஓட்டுக்கு விட்டால் அதற்குத்தான் கைதூக்குவேன். காசு வாங்காமல், ஆள் பார்க்காமல், முதலில் கேட்டவருக்கு முதலில் என்பதைவிடக் கண்ணியமான வழி எனக்குப் புலப்படவில்லை. கட்டணம் வைத்திருந்தால் யாராவது பணக்காரர்தான் அங்கே நீந்திக்கொண்டிருப்பார். இரண்டாவது, அந்தக் கணக்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. ஒரு இடத்தோடு வாழ்ந்தவருக்கும் அந்த இடத்தைப் பார்க்க வந்தவருக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை எந்த அளவுகோலில் எழுதினாலும் அது வேறு யாரையாவது வெளியே தள்ளும். எழுதாமல் விட்டால் அந்தப் பெரியவரை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டு முடிவையும் ஒன்றாக நிற்க வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. வைக்க முடியும் என்றும் தோன்றவில்லை.

மார்செய் பக்கம் போக வாய்ப்புள்ளவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். கோடையை விட்டுவிடுங்கள். நவம்பருக்குப் பிறகு பதிவும் வேண்டாம், வரிசையும் இல்லை. நடக்க வெயிலும் இதமாக இருக்கும். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், மலையில் ஒரு சொட்டுக் கிடைக்காது. இறங்கும்போது கால் வைக்க வசதியாக வேர் தெரிந்தாலும் பக்கத்துப் பாறையில் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டின் அந்த 400 இடங்களை அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.